பழைய ராணுவக் கைக்கடிகாரங்கள்: கட்டியிருந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது. உங்களிடம் இரண்டு பழைய கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று கறுப்பு டயல் உள்ள எஃகுக் கடிகாரம். பின்மூடியில் ஓர் அம்புக்குறி, கூடவே மூன்று 'டபிள்யூ' எழுத்துகள், இரண்டு வரிசை எண்கள். டயலில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 'டி' எழுத்து. விற்றவர் "நார்மண்டியில் தரையிறங்கிய சிப்பாயுடையது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்னொன்று சிறிய வெள்ளிக் கடிகாரம். அதன் பின்னால் ஒருவரின் முதலெழுத்துகள், குடும்பப் பெயர், 'ஆர்.எஃப்.ஏ.', 1916 என்று பொறித்திருக்கிறது. இவற்றை யார் கட்டியிருந்தார்கள், எந்தப் போரில், எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

வெள்ளிக் கடிகாரத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எஃகுக் கடிகாரத்தின் ஆள் கிடைப்பது மிகவும் கடினம். ஆனால் அது எந்தப் படைக்காக, எப்போது வாங்கப்பட்டது, எவ்வளவு காலம் பணியில் இருந்தது என்பதை நன்றாகவே சொல்லிவிடலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. ராணுவம் கொடுத்த கடிகாரம் ராணுவத்தின் சொத்து. அதில் குறிகள் நிறைய இருக்கும், பெயர் இருக்காது. ஒருவர் தன் காசில் வாங்கியதோ குடும்பத்தார் பரிசாகக் கொடுத்ததோ அவருடைய சொத்து. அதில் பெயர் இருக்கலாம், ராணுவக் குறி பெரும்பாலும் இருக்காது. தேடத் தொடங்குகிறவர்கள் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பின்மூடி எண்ணைக் கொடுத்தால் ஏதோ ஓர் அலுவலகம் சிப்பாயின் பெயரை எடுத்துத் தந்துவிடும் என்று நம்பி அலைகிறார்கள். அப்படி ஒரு பதிவேடு பெரும்பாலான கடிகாரங்களுக்குக் கிடையாது.

ஏன் கிடையாது என்றால், அரசு கொடுத்த கடிகாரம் நூலகப் புத்தகம் மாதிரி கைமாறிக்கொண்டே இருந்தது. தேவைப்பட்டவர் கையெழுத்துப் போட்டு வாங்கினார், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார், பழுது பார்க்கப் போய் வந்து வேறொருவரிடம் போனது. பின்மூடி எண் இருந்தது சரக்குக் கணக்குக்காக. அந்தக் கையெழுத்துச் சீட்டுகளைப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

சரி, முதலில் எஃகுக் கடிகாரம். மூன்று 'டபிள்யூ' என்பது 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்' என்ற பிரிட்டிஷ் ராணுவச் சரக்குப் பெயரின் சுருக்கம். அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் பழைய முத்திரை. இந்த வகையைப் பன்னிரண்டு நிறுவனங்கள் செய்து கொடுத்தன: ப்யூரன், சைமா, எட்டர்னா, கிரானா, ஐ.டபிள்யூ.சி., ஜேகர் லெகுல்த்ர், லெமானியா, லாஞ்சின்ஸ், ஒமேகா, ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ். சேகரிப்பாளர்கள் இவற்றை 'டர்ட்டி டஜன்' என்று சேர்த்துச் சொல்வார்கள். பன்னிரண்டும் ஒரே விவரக்குறிப்புக்கு ஏற்பச் செய்யப்பட்டவை: கறுப்பு டயல், ஒளிரும் முட்கள், கீழே சிறிய நொடி முள், தண்ணீர் புகாத கூடு. பின்மூடியில் உள்ள இரண்டு எண்களில் ஒன்று தயாரிப்பாளர் கொடுத்தது. எழுத்தோடு தொடங்கும் மற்றது ராணுவம் கொடுத்தது.

இப்போது விற்றவரின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்கியது 1944 ஜூன் 6. இந்தக் கடிகாரங்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்கு வந்தது 1945இல். அதாவது அந்தக் கடற்கரையில் இது இருந்திருக்க முடியாது. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் விற்றவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். ஆனால் ஒரு கடிகாரம் எப்போது ஒப்படைக்கப்பட்டது என்ற ஒரே ஒரு தகவல், சந்தையில் உலவும் பாதிக் கதைகளை வடிகட்டிவிடும். எந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டயலில் உள்ள வட்டத்துக்குள் 'டி' ட்ரிட்டியத்தைக் குறிக்கிறது. ரேடியம் போலவே இதுவும் டயல் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசப்பட்ட கதிரியக்கப் பொருள். 1945இல் இந்தக் கடிகாரம் ரேடியம் பூசிய டயலோடுதான் வந்திருக்கும். பிற்பாடு ரேடியத்தின் ஆபத்து உணரப்பட்டு, 1960களில் பிரிட்டிஷ் ராணுவம் பழுது பார்க்க வந்த கடிகாரங்களில் டயலையே மாற்றி ட்ரிட்டியம் பூசியதைப் போட்டது. பல பேர் இதைப் பார்த்துவிட்டு "டயல் அசல் இல்லை" என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கடிகாரம் போர் முடிந்து பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ராணுவத்தில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த டயல்தான் சாட்சி. விற்றவர் சொன்ன ஒருநாள் கதையைவிட இது எவ்வளவோ பெரிய வரலாறு. இதே வகைக் கடிகாரங்களில் சிலவற்றின் பின்மூடியில் டச்சுக் காலனிப் படையின் எழுத்துகளும், அதற்குப் பிறகு இந்தோனேசிய ராணுவத்தின் ஏ.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இருக்கின்றன. ஒரே கடிகாரம் எதிரெதிராக நின்ற இரண்டு படைகளின் கையிலும் இருந்திருக்கலாம் என்பதை அந்தச் சிறிய எழுத்துகள் சொல்கின்றன.

ரேடியம் என்றதும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். டயல் இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்றால் அதில் கலந்திருந்த துத்தநாக சல்பைடு கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம், கதிரியக்கம் அப்படியே இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்ற ஆசையில் நீங்களே மூடியைத் திறந்து டயலைத் தொட வேண்டாம். உதிரும் பூச்சின் தூசியை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. ரேடியம் டயலைக் கையாளத் தெரிந்த கடிகாரப் பழுதுநர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, மூடியின் உட்புறத்தையும் இயந்திரத்தையும் தெளிவாகப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உட்புறத்தில் பழைய பழுதுநர்கள் ஊசியால் கீறி வைத்த தேதிகளும் எண்களும் கூட இருக்கும். அவற்றையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

மற்ற நாடுகளின், மற்ற காலங்களின் குறிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. '6பி' என்று தொடங்கும் எண் பிரிட்டிஷ் விமானப்படையின் சரக்குக் குறி: 6பி/159 போர்க்காலக் கடிகாரம், 6பி/346 என்பது 1940களின் கடைசியில் வந்த 'மார்க் 11' வகைக் கடிகாரம். 1960களுக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பின்மூடிகளில் 'டபிள்யூ10' என்றால் தரைப்படை, '0552' என்றால் கடற்படை, '6பிபி' என்றால் விமானப்படை. அதோடு வரும் 6645 என்பது நேரம் காட்டும் கருவிகளுக்கான நேட்டோ வகை எண், 99 என்பது பிரிட்டன். கடைசியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. அமெரிக்கக் கடிகாரங்களில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து 'ஏ-11' வகையை எல்ஜின், புலோவா, வால்தம் ஆகிய மூன்றும் செய்தன. 1964இல் வந்த 46374 என்ற விவரக்குறிப்புக்குப் பின் செய்யப்பட்டவற்றில் மாதமும் ஆண்டும் பின்மூடியிலேயே இருக்கும். ஜெர்மன் விமானப்படையின் 55 மில்லிமீட்டர் பெரிய வழிகாட்டுநர் கடிகாரத்தில் 'எஃப்.எல். 23883' என்று இருக்கும். அதை லாங்கே, ஸ்டோவா, லாகோ, வெம்பே, ஐ.டபிள்யூ.சி. ஆகிய ஐந்து நிறுவனங்கள் செய்தன. பிரெஞ்சுக் கடற்படை கொடுத்த ட்யூடர் கடிகாரங்களில் 'எம்.என்.' எழுத்தும் ஆண்டும் இருக்கும்.

குறி இல்லாததாலேயே ஒரு கடிகாரம் போரைப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வியட்நாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினருக்கு எந்த முத்திரையும் இல்லாத செய்கோ கடிகாரங்கள் வாங்கித் தரப்பட்டன. ஆனால் இதையே சாக்காக வைத்து எந்தப் பழைய செய்கோவையும் போர்க் கடிகாரம் என்று விற்பவர்கள் உண்டு. எழுத்துபூர்வமான ஆதாரம் கூட வரவில்லை என்றால் நான் அதைச் சாதாரணக் கடிகாரமாகவே எடுத்துக்கொள்வேன்.

தயாரிப்பு நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்கள் எவ்வளவு உதவும்? லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி. போன்றவற்றின் பழைய ஏடுகள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இயந்திர எண்ணைக் கொடுத்தால் அது எந்தத் தேதியில், எந்த நாட்டு முகவருக்கு அல்லது அரசுத் துறைக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லக்கூடும். போலி ராணுவக் கடிகாரத்தைப் பிடிக்க இது மிக நல்ல வழி. இங்கிலாந்து விமானப்படைக்குப் போனதாகச் சொல்லப்படும் கடிகாரம் ஏட்டில் வேறொரு கண்டத்து நகைக்கடைக்குப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஏடு அந்த முதல் வாசலோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு யார் கையில் கட்டினார்கள் என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது. கடற்படைக் கப்பல்களுக்குக் கொடுத்த கடல் காலமானிகள், அதாவது கப்பலின் இருப்பிடத்தைக் கணக்கிட உதவிய துல்லியமான கடிகாரங்கள், இதற்கு ஒரு விதிவிலக்கு. கிரீன்விச் ராயல் வானாய்வகம் அவற்றை வாங்கி, சோதித்து, கப்பல்களுக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்ற ஏடுகள் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஒரு கருவி எந்தக் கப்பலில் போய் வந்தது என்றே அதில் படிக்கலாம். கைக்கடிகாரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி வெள்ளிக் கடிகாரம். உண்மையைச் சொன்னால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மனம் நேராக இதற்குத்தான் போனது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் உடுப்பையும் உபகரணங்களையும் பெரும்பாலும் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கைக்கடிகாரமும் அதில் அடக்கம். தாய், தந்தை, மனைவி, வேலை பார்த்த அலுவலகத்தின் நண்பர்கள் என்று யாராவது வாங்கிக் கொடுத்து பெயர் பொறித்து அனுப்புவதும் வழக்கம். 'ஆர்.எஃப்.ஏ.' என்பது ராயல் ஃபீல்டு ஆர்டிலரி, குதிரைகள் இழுத்த பீரங்கிகளோடு களத்தில் நின்ற படைப்பிரிவு. 1899இல் இருந்து 1924 வரை இந்தப் பெயரில் இருந்தது. 1916இல் பீரங்கிப் படையில் இருப்பவருக்குக் கடிகாரம் எவ்வளவு முக்கியம் என்பதை நினைத்துப் பாருங்கள். காலாட்படை முன்னேற முன்னேற, அவர்களுக்கு முன்னால் குண்டுமழையை இத்தனை நிமிடத்துக்கு இத்தனை கெஜம் என்று நகர்த்திக்கொண்டே போகும் முறை அந்த ஆண்டுதான் பரவலானது. ஒரு நிமிடம் பிசகினால் குண்டு தன் ஆட்கள் மேலேயே விழும். தாக்குதலுக்கு முன்னால் எல்லோரும் கடிகாரத்தை ஒன்றாக வைத்துச் சரிசெய்துகொண்டார்கள்.

பொறிப்பை நம்புவதற்கு முன்னால் வெள்ளியைப் படியுங்கள். 1907 ஜூன் 1 முதல், பிரிட்டனுக்குள் இறக்குமதியான வெள்ளி, தங்கக் கடிகாரக் கூடுகள் அங்கே சோதித்து முத்திரை இடப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சுவிஸ்ஸில் செய்து லண்டனில் இறக்கிய கூட்டின் உட்புறத்தில் வரிசையாகச் சில குறிகள் இருக்கும்: இறக்குமதியாளரின் எழுத்துகள், வெள்ளியின் தரம், எந்த ஊரில் சோதித்தார்கள் என்ற குறி, ஆண்டைச் சொல்லும் ஓர் எழுத்து. 'ஜி.எஸ்.' என்றால் ஜார்ஜ் ஸ்டாக்வெல், 'ஏ.ஜி.ஆர்.' என்றால் ஆர்தர் ஜார்ஜ் ரெண்டெல். இவர்கள் அனுப்பும் வேலையையும் முத்திரை இடும் வேலையையும் பார்த்த முகவர்கள், கடிகாரம் செய்தவர்கள் இல்லை. 'டபிள்யூ அண்ட் டி' என்று இருந்தால் அது வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ், பிற்பாடு ரோலக்ஸ் ஆன நிறுவனம். லண்டனின் ஆண்டெழுத்து மே மாதத்தில் மாறும் என்பதால் ஓர் எழுத்து இரண்டு காலண்டர் ஆண்டுகளில் பரவியிருக்கும். உங்கள் பொறிப்பில் 1916 என்று இருக்கிறது. முத்திரை 1915 அல்லது 1916 என்று காட்டினால் பொருத்தம். 1918 என்று காட்டினால் அந்தப் பொறிப்பு பிற்பாடு யாரோ சேர்த்தது.

பொறிப்பே உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது? அறையை இருட்டாக்கி, ஒரு சிறிய விளக்கைப் பின்மூடியின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். தேய்ந்துபோன எழுத்துகள் கூட அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். நூறு ஆண்டுக் கீறல்கள் எழுத்தின் மேலாகக் குறுக்கே ஓடியிருக்க வேண்டும். எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போனால், எழுத்தின் விளிம்புகள் மட்டும் கூர்மையாக இருந்து சுற்றியுள்ள வெள்ளி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், சந்தேகப்படுங்கள். மெருகு ஏற்றுவது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது, சுண்ணாம்புத் தூள் தடவுவது எதையும் செய்ய வேண்டாம். பாலிஷ் போட்டு அழித்த பெயரை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பொய்யான பொறிப்புகள் பெரும்பாலும் வரலாற்றில்தான் மாட்டிக்கொள்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படை 'ஆர்.ஏ.எஃப்.' என்று பிறந்தது 1918 ஏப்ரல் 1. அதற்கு முன் தரைப்படையின் வான்பிரிவு ராயல் ஃப்ளையிங் கோர், அதாவது 'ஆர்.எஃப்.சி.' ஆகவே 'ஆர்.ஏ.எஃப். 1916' என்று ஒரு விமானியின் கடிகாரத்தில் இருந்தால் அதை வாங்காதீர்கள். டாங்க் கோர் என்ற பெயர் 1917 ஜூலையில் வந்தது. ஆர்மி சர்வீஸ் கோர் என்ற சரக்குப் பிரிவுக்கு 'ராயல்' என்ற முன்னொட்டு கிடைத்ததே 1918இன் கடைசியில். அமெரிக்க விமானப்படை தனிப் படையானது 1947 செப்டம்பர் 18. அதனால் இரண்டாம் உலகப் போர்க் கடிகாரத்தில் 'யூ.எஸ்.ஏ.எஃப்.' என்று இருப்பது தவறு. உங்கள் கடிகாரத்தின் 'ஆர்.எஃப்.ஏ. 1916' இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது.

இனி ஆளைத் தேடுவோம். லண்டன் க்யூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கக் குறிப்பட்டைகளில் (காப்பகத்தின் தொகுப்பு எண் டபிள்யூ.ஓ. 372) முதலெழுத்தையும் குடும்பப் பெயரையும் கொடுத்துத் தேடத் தொடங்குங்கள். பதவி, படைப்பிரிவு, என்னென்ன பதக்கம், எந்தப் போர்முனைக்கு எப்போது போனார் என்பதெல்லாம் அதில் வரலாம். குடும்பப் பெயர் பரவலானதாக இருந்தால் ஒரே முதலெழுத்துகளோடு பல பேர் வருவார்கள். பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சபலம் இங்கேதான் வரும். அவர்களில் கதை சுவாரஸ்யமாக இருப்பவர், வீரப் பதக்கம் வாங்கியவர், கண் முன்னால் நின்று அழைப்பார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்லோருடைய பெயரையும் எழுதிவைத்து, ஏன் ஒவ்வொருவரும் பொருந்தவில்லை என்று காரணத்தோடு நீக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு பேர் மிஞ்சினால் இரண்டு பேர் என்றே குறித்து வையுங்கள். அவர்களில் ஒருவருக்குத் தவறாக இன்னொருவரின் கடிகாரத்தைக் கொடுப்பது இரண்டு பேருக்குமே செய்யும் அநீதி.

அவர் அதிகாரி என்று தெரிந்தால் அடுத்தது லண்டன் கெசட். பிரிட்டிஷ் அரசின் இந்த அதிகாரபூர்வ இதழில் பதவியேற்பும் பதவி உயர்வும் வீரப் பதக்கமும் தேதியோடு அச்சாகியிருக்கும், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பிறகு அதிகாரிகளின் கோப்புகள். டபிள்யூ.ஓ. 339 தொகுப்பில் ஏறக்குறைய 1,40,000 கோப்புகள் இருக்கின்றன. பகுதிநேரப் பிராந்தியப் படையின் அதிகாரிகளுக்கும் வேறு சிலருக்கும் டபிள்யூ.ஓ. 374. இந்தக் கோப்புகளை நான் மிகவும் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அதிகாரி போரில் இறந்திருந்தால், அவருடைய உடைமைகளை வீட்டுக்கு அனுப்பியபோது எழுதிய பட்டியல் கோப்புக்குள் இருப்பதுண்டு: சிகரெட் டப்பா, கடிதங்கள், காசோலைப் புத்தகம், கைக்கடிகாரம் ஒன்று. சில பட்டியல்களில் 'உடைந்தது' என்று கூட எழுதியிருக்கும். உங்கள் தேடலில் கடிகாரத்தையே காகிதத்தில் சந்திக்கக்கூடிய ஒரே இடம் அநேகமாக இதுதான்.

அதிகாரி இல்லை, சாதாரண வீரர் என்றால் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் உலகப் போர் வீரர்களின் பணிப் பதிவுகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த ஜெர்மன் குண்டில் எரிந்துபோயின. மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363 தொகுப்பில் கருகிய விளிம்புகளோடு இருக்கின்றன. பதிவு இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. பதக்கப் பட்டியலும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவும் எரியவில்லை. அந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறக்குறைய 17 லட்சம் பேரின் பெயர்களை வைத்திருக்கிறது, பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் அதில் அடக்கம். இந்தியப் படையில் இருந்த அதிகாரிகளைத் தேடுவதானால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குப் போக வேண்டும்.

எந்தப் பீரங்கிப் பிரிகேடில் இருந்தார் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு கதவு அகலமாகத் திறக்கும். டபிள்யூ.ஓ. 95 தொகுப்பில் அந்தப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்த நாளில் எந்த ஊருக்குப் பக்கத்தில் பீரங்கிகளை நிறுத்தினார்கள், எத்தனை குண்டு சுட்டார்கள், யார் காயம் பட்டார்கள், சில நாட்களில் குண்டுமழையின் நிமிட வாரியான அட்டவணை கூட ஒட்டியிருக்கும். விமானப்படை ஆளாக இருந்தால் அதற்கு இணையானது ஏர் 27 தொகுப்பில் உள்ள ஸ்குவாட்ரன் பதிவேடுகள்.

வேறு நாட்டுக் கடிகாரத்தில் ஒரு சேவை எண் மட்டும் பொறித்திருந்தால், அந்த எண்ணே நிறையச் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாடு சென்ற ஆஸ்திரேலியப் படையினரின் எண் 'என்.எக்ஸ்.' என்று தொடங்கினால் நியூ சவுத் வேல்ஸில் சேர்ந்தவர், 'வி.எக்ஸ்.' என்றால் விக்டோரியா, 'கியூ.எக்ஸ்.' என்றால் குயின்ஸ்லாந்து. அமெரிக்கத் தரைப்படையில் 'ஓ' என்று தொடங்கினால் அதிகாரி. எட்டு இலக்க எண் 3இல் தொடங்கினால் கட்டாயச் சேர்க்கையில் வந்தவர், 1இல் தொடங்கினால் தானாகச் சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படையில் இருந்து வந்தவர். பிரிட்டனில் 1920இல் எண்களை மொத்தமாக மாற்றி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தொகுதி கொடுத்தார்கள். அதற்கு முன் ஒரே எண் பல ரெஜிமென்ட்களில் பல பேருக்கு இருந்தது என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் தவறான ஆளிடம் போய் நிற்பீர்கள்.

ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகம் முதல் உலகப் போர்ப் பணிக் கோப்புகளை முழுதாக மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது, கனடாவும் அப்படியே. அமெரிக்கா வேறு கதை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் பணியாளர் ஆவண மையம் தீப்பிடித்து 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 தொடக்கத்துக்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அதில் போய்விட்டது. கடற்படைக் கோப்புகள் தப்பின. ஜெர்மனியில் தரைப்படைப் பணியாளர் காப்பகம் போட்ஸ்டாமில் 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்தது. மிஞ்சியவையும் பழைய தகவல் அலுவலகத்தின் அட்டைகளும் இப்போது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில். இப்படி ஒவ்வொரு நாட்டிலும் எது எரிந்தது, எது தப்பியது என்று முன்பே தெரிந்துகொண்டால், இல்லாத கோப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு க்ளைவ் நட்டிங். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட விமானப்படையினரை அடைத்து வைத்திருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் இருந்த கார்ப்பொரல், அங்கே செருப்புத் தைத்தவர். ரோலக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்குக் கடிகாரத்தைக் கடனாக அனுப்பி, பணத்தைப் போர் முடிந்த பிறகு கொடுத்தால் போதும் என்றார். போர் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அந்த வார்த்தை கைதிகளுக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்திருக்கும்! நட்டிங் 1943இல் 3525 என்ற மாதிரி எண் கொண்ட எஃகுக் குரோனோகிராஃப் (நிறுத்தற்கடிகார வசதி உள்ள கைக்கடிகாரம்) ஒன்றைக் கேட்டு எழுதினார், அது முகாமுக்கே வந்து சேர்ந்தது. கடிதங்களைக் கடிகாரத்தோடு சேர்த்தே பாதுகாத்தார். அதனால் அவர் கேட்டார், வந்தது, அவரிடம் இருந்தது என்ற மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அதே முகாமில் இருந்து 1944 மார்ச்சில் 76 பேர் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். அவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நட்டிங்கின் கடிகாரம் காவலர்கள் சுற்றிவரும் நேரத்தை அளக்க உதவியிருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஊகம். கடிதங்கள் அதைச் சொல்லவில்லை. நிரூபணமான பகுதியே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஊகத்தை அதோடு ஒட்டி வைக்க வேண்டிய தேவை என்ன?

உங்கள் குறிப்பேட்டிலும் இந்தப் பிரிவினையைச் செய்து வையுங்கள். கடிகாரத்திலேயே கண்ணால் பார்த்தது ஒரு பக்கம். ஆவணத்தில் படித்தது ஒரு பக்கம், ஆவணத்தின் தொகுப்பு எண்ணோடு. விற்றவரோ குடும்பத்தாரோ வாயால் சொன்னது இன்னொரு பக்கம், சொன்ன தேதியோடு. குடும்பத்தார் சொல்வதை ஒதுக்கச் சொல்லவில்லை, அதில்தான் பல நேரம் உண்மையான நூல் கிடைக்கும். ஆனால் தாத்தா கட்டியிருந்தார் என்பதும் தாத்தா அதைப் போரில் கட்டியிருந்தார் என்பதும் வேறு வேறு. போருக்குப் பின் ராணுவ உபரிச் சரக்குகள் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. நிறைய ராணுவக் கடிகாரங்கள் அப்படித்தான் வீடுகளுக்கு வந்தன.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பணிக் கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. பிறந்து 115 ஆண்டு ஆகாதவர் என்றால் அவர் இறந்ததற்கான சான்று கேட்பார்கள். உங்கள் 1916 ஆளுக்கு அந்தத் தடை இல்லை.

அவர் உயிரோடு வீடு திரும்பியிருந்தால், தேடல் ராணுவத்தை விட்டு வெளியே வர வேண்டும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. அதில் முகவரி, தொழில், வீட்டில் யார் யார் என்பதெல்லாம் கிடைக்கும். 1858 முதல் இங்கிலாந்து, வேல்ஸின் உயில் பட்டியல்கள் ஆண்டு வாரியாக இருக்கின்றன. அவர் எப்போது இறந்தார், சொத்து யாரிடம் போனது என்று அதில் தெரியும். அங்கே இருந்து ஒன்றிரண்டு தலைமுறை கீழே வந்தால் இன்று இருக்கிற குடும்பத்தாரை எட்டலாம். அவர்களுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே நீங்கள் எதையும் விற்கவோ வாங்கவோ வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். பின்மூடியின் படம் ஒன்றை வைத்து அனுப்புங்கள். அவரிடம் இருந்து வந்த கடிதமோ சீருடையில் எடுத்த புகைப்படமோ இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கடிகாரம் எப்போது, ஏன் வீட்டை விட்டுப் போனது என்ற கேள்வியை அவர்களாகச் சொன்னால் ஒழிய எழுப்ப வேண்டாம், அதில் சில நேரம் ஆறாத குடும்ப மனத்தாங்கல்கள் இருக்கும்.